வெங்காயத் தோலில் தெரியாத உட்கரு

பிளஸ் டூ உயிரியல் வகுப்பில் செல் கொள்கையைக் கூட்டாக ஒப்பித்தோம். எல்லா உயிரினங்களும் செல்களால் ஆனவை. செல்லே உயிரின் அடிப்படை அலகு. புதிய செல், ஏற்கெனவே இருக்கும் செல்லிலிருந்தே பிறக்கிறது. எங்களில் ஒருவரும் ஒரு செல்லையும் பார்த்ததில்லை. காரிமங்கலத்தில் எங்கள் பள்ளியின் ஒரே நுண்ணோக்கி ஆண்டு முழுவதும் பீரோவில் பூட்டிக் கிடந்தது.

ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கும் வாரத்தில் அது வெளியே வந்தது. வாத்தியார் வெங்காயத் தோலை வைத்து எங்களை வரிசையில் விட்டார். குனிந்து ஒரு பார்வை. பிறகு இடத்துக்குப் போய்ப் புத்தகத்தைப் பார்த்து வரைய வேண்டும். நான் அப்படித்தான் வரைந்தேன்.

என் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தவள் சித்தேரி மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தவள். நர்சிங் சேர வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு பேச்சில்லை. கையெழுத்தில்லாத நோட்டோடு செய்முறைத் தேர்வுக்குள் விடமாட்டார்கள். அவள் கண்ணில் பட்டதையே வரைந்தாள்: செங்கல் அடுக்கியதுபோல் வெறும் கட்டங்கள்.

"உட்கரு எங்க புள்ள? கொரங்கு தூக்கிட்டுப் போயிருச்சா?"

"ஒண்ணும் தெரியலீங்க சார்."

"மலையில இருந்து வந்தா கண்ணுமா தெரியாது? புக்குல இருக்குதில்ல, போடு."

"பாக்காதத எப்பிடீங்க சார் போடறது?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் நோட்டைத் தரையில் எறிந்தார். மூன்று நாள் கையெழுத்துப் போடவில்லை.

அவள் கண்ணில் கோளாறில்லை. சாயமேற்றாத தோலில் உட்கரு எளிதில் தெரியாது. ஒரு சொட்டு அயோடின் விட்டால் நிறமேறித் தெரியும். எங்கள் ஆய்வகப் புட்டியில் அயோடின் காய்ந்து போயிருந்தது. சந்தைக்கு எதிரே மருந்துக் கடையில் புண்ணுக்குப் போடும் டிங்சர் அயோடின் இருந்தது. போய்வரக் கால் மணி நேரம். இதெல்லாம் கல்லூரிக்குப் போன பிறகே எனக்குத் தெரிந்தது. அவருக்குத் தெரியாமலிருக்க வழியில்லை. செய்முறைக் குறிப்பு அவர் மேசையில்தான் இருந்தது.

நான்காம் நாள் அவள் அந்த மேசைக்கே போய்ப் பென்சிலை எடுத்தாள்.

"எங்கீங்க சார் வெக்கட்டும்? நடுவுலயா, ஓரத்துலயா?"

அவர் புத்தகத்தைத் திறக்கவில்லை. "நடுவுல வை."

எங்கள் எல்லார் நோட்டிலும் உட்கரு ஓரத்தில் இருந்தது, புத்தகத்தில் உள்ளபடி. அவள் ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் ஒரு புள்ளி வைத்தாள். அவர் கையெழுத்திட்டார்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அந்தப் படத்தைச் சிவப்பு மையால் அடித்தார். அவள் தேறினாள், நர்சிங்குக்கு இரண்டு மதிப்பெண் குறைந்தது.

தேர்வாளர் அடித்தபோது வாத்தியார் பக்கத்தில்தான் நின்றார். நடுவில் வைக்கச் சொன்னது தான்தான் என்று அவர் சொல்லவில்லை. அடுத்து நின்றவன் நான். நானும் சொல்லவில்லை.