ஆற்றுப் பாசியும் என் புல்தரையும்

போன முறை கனடாவிலிருந்து வந்த பேத்தி எங்கள் வீட்டு வளவில் கால் வைக்கவில்லை. ஐந்து வயது. படியில் நின்று மணலைப் பார்த்தாள், ஒரு காலை மெல்ல வைத்தாள், சுடுது என்று அலறினாள். அதன் பிறகு மூன்று கிழமையும் மகளின் இடுப்பிலேயே குடியிருந்துவிட்டு விமானம் ஏறினாள்.

எனக்கு அது பெரிய அவமானம். நான் முப்பது வருடம் புவியியல் படிப்பித்தவன். உலகத்து மண்ணையெல்லாம் கரும்பலகையில் கீறிக் காட்டியவன். என் சொந்த மண்ணில் என் பேத்தி நிற்க மாட்டாளாம். அடுத்த விடுமுறைக்கு அவள் வரும்போது வாசலில் பச்சைப் புல்தரை இருக்கும், செருப்பில்லாமல் அதில் ஓடுவாள் என்று வீட்டில் அறிவித்தேன். மனைவி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தரி வைத்தாலாவது கறிக்காகும் என்றாள்.

அந்த நேரம் பார்த்து ஊர் மண்டபத்தில் கூட்டெருப் பயிற்சி வைத்தார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் இடைவேளையில் கொடுக்கும் பணிசுக்கும் பிளேன்டீக்கும் வந்தவர்கள். மற்றப் பாதி என்னைப் போல் கேள்வி கேட்க வந்தவர்கள். எங்கள் ஊரில் இளைப்பாறிய மனிதர் எவரும் கேள்வி கேட்காமல் ஒரு கூட்டத்தை விட்டு வெளியேறியதாகச் சரித்திரம் இல்லை. வகுப்பை நடத்திய விவசாயப் போதனாசிரியை என் பழைய மாணவி. அதனால் எனக்கு முன்வரிசைக் கதிரை, கையில் ஒரு துண்டுப்பிரசுரம். அவள் பேசியதை நான் கவனிக்கவில்லை. மாணவி படிப்பிக்க ஆசிரியர் கேட்பதா? சிவப்புப் பேனையை எடுத்துத் துண்டுப்பிரசுரத்தின் எழுத்துப்பிழைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். விஷயம் அதிலேயே தெளிவாக இருந்தது. இலைகுழை, மாட்டெரு, ஆற்றுப் பாசி. மாறி மாறி அடுக்க வேண்டும்.

ஆற்றுப் பாசிக்கு நான் எங்கே அலைய வேண்டும்? வேலிக்கு அந்தப் பக்கம் ஆறுதானே. மேடையில் பேசினால் அது வாவி, பரீட்சையில் எழுதினால் களப்பு. மற்ற நேரமெல்லாம் எங்களுக்கு அது ஆறு. ஆத்துக்குப் போறன், ஆத்து மீன், ஆத்துக் காத்து. கோடையில் தண்ணீர் வற்றி, கரை முழுக்கப் பாசி ஒதுங்கிக் கிடந்தது. தள்ளுவண்டியில் அள்ளி அள்ளிக் கொண்டுவந்தேன். மாட்டெருவுக்குப் பின்தெரு ஆளிடம் கெஞ்ச வேண்டியிருந்ததால் அதைக் குறைத்துப் பாசியைக் கூட்டினேன். மூன்று மாதம் குவியலைப் புரட்டினேன். நாற்றம் தாங்காமல் அடுத்த வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்தினார். விஞ்ஞானத்துக்கு விரோதமான ஆள் என்று அவரோடு கதைப்பதை விட்டேன்.

கடைசியில் குவியல் கறுத்து, தேயிலைத்தூள் போல உதிர்ந்தது. ஒரு சாண் தடிப்பில் பரப்பி, புல் பதித்து, காலையும் மாலையும் தண்ணீர் விட்டேன். முதல் கிழமை பச்சை. படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன். இரண்டாம் கிழமை நுனி கருகியது. மூன்றாம் கிழமை முழுக்க மஞ்சள். பிறகு மண்ணின் மேல் வெள்ளையாக ஏதோ பூத்தது. பூஞ்சணம், நல்ல அறிகுறி என்று விளக்கினேன். மனைவி அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். குசினிக்குப் போய்விட்டாள்.

பேத்தி வர நான்கு நாள் இருக்கும்போது வெட்கத்தை விட்டு அந்த மாணவியைக் கூப்பிட்டேன். குனிந்து மண்ணைப் பார்த்தாள். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். பாசி எங்கே எடுத்தது என்று கேட்டாள். ஆற்றில்தான் என்றேன்.

"சேர், ஒன்பதாம் வகுப்பில நான் இத ஆறு எண்டு எழுதினதுக்கு நீங்க பிழை போட்டீங்க. ஆறில்ல, உவர்நீர்க் களப்பு எண்டு நூறு தரம் எழுத வெச்சீங்க."

எழுத வைத்தேன்தான். அதில் ஒரு தரம் எழுத்துப்பிழை என்று திரும்பவும் எழுத வைத்ததும் ஞாபகம் வந்தது. அவள் மரியாதையாகவே சொன்னாள். துண்டுப்பிரசுரம் நன்னீர் ஆறு ஓடும் ஊர்களுக்கு எழுதியது, களப்புப் பாசியில் உப்பு, போட வேண்டாம் என்று வகுப்பிலும் படித்துப் படித்துச் சொன்னாளாம். இனி மாரி மழைதான் இந்த உப்பைக் கழுவ வேண்டும். அதற்குப் பிறகு மாட்டெருவும் இலைகுழையும் போட்டுப் புதிதாகத் தொடங்கலாம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மாரி எப்படியும் வரும், அதுவரை பேத்தி இருக்க மாட்டாள்.

சொன்ன நாளில் வந்தார்கள். பேத்தி படியில் நின்று உப்புப் பூத்து வெளுத்துக் கிடந்த வாசலைப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். திடீரென்று "ஸ்னோ" என்று கத்தினாள். அங்கே சப்பாத்தில்லாமல் ஸ்னோவில் இறங்க விடமாட்டார்களாம். இங்கே தடுக்க யாருமில்லை. சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டுக் குதித்தாள். கால் மாற்றி, கால் மாற்றித் துள்ளினாளே தவிர, படியேறவில்லை.

"அம்மப்பா, உங்கட ஸ்னோ ஏன் சுடுது?"

வெளியே வந்து வாயைத் திறந்தேன். களப்பு, உவர்நீர், ஆவியாதல் எல்லாம் நாக்கு நுனியில் நின்றன. மனைவி முந்திக்கொண்டு பேத்திக்குச் சொன்னாள்.

"இது ஆத்து ஸ்னோ, மகள். சுடத்தான் செய்யும்."