அப்பாவின் துவக்கும் ஒரு ரப்பர் வளையமும்

அப்பா துவக்கு வாங்கிய வருடம் எனக்குப் பத்து வயது. ஊரில் நடந்த யுத்தத்துக்குத் தப்பி வெளிநாடு வந்து, வெக்ஸ்போர்ட்டில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் இருந்தோம். அங்கே நிறையத் தமிழ்க் குடும்பங்கள். அவற்றில் துவக்கு வைத்திருந்தது எங்கள் வீடு மட்டும்தான். அம்மாவின் தம்பியான மாமா இதை எல்லா வீடுகளிலும் பகிடியாகச் சொல்லித் திரிந்தார்.

"துவக்குக்குப் பயந்து ஓடிவந்த மனுசன், இஞ்சை வந்து காசு குடுத்து ஒண்டு வாங்கி வச்சிருக்கிறார்."

உண்மையில் அதை வாங்க வைத்தது அம்மா. பிக்கரிங்குக்கு வடக்கே ஒரு வெள்ளைக்காரக் கிழவரின் பண்ணையில், ஓரமாகக் கிடந்த ஒரு துண்டு நிலத்தில் அம்மா தோட்டம் போட்டிருந்தார். கத்தரி, மிளகாய், பூசணி, நீளப் பயற்றங்காய். வாரம் முழுக்கத் தொழிற்சாலையில் பிஸ்கட் பெட்டி அடுக்கும் அம்மா, ஞாயிற்றுக்கிழமை அந்த மண்ணில் இறங்கினால் வேறு ஆளாகிவிடுவார். குரல்கூட உரத்து வரும்.

கிழவர் வாடகை கேட்கவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். அந்த நிலமெங்கும் கிரவுண்ட்ஹொக் வளை தோண்டியிருந்தது. பூனையைவிடக் கொஞ்சம் பெரிய, குண்டான பிராணி அது. அம்மா அதைப் பெருச்சாளி என்றுதான் சொல்வார். முந்தின வருடம் கிழவரின் குதிரை ஒன்று அப்படியொரு வளைக்குள் காலை விட்டு முறித்துக்கொண்டது. அவருக்குக் கண் மங்கிவிட்டதால் தானே சுட முடியாது. கோடை முடிவதற்குள் நாங்கள் அதை ஒழிக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வருடம் நிலம் வேறு ஆளுக்கு. அப்பாவின் ஆங்கிலம் மட்டுமட்டு என்பதால் இதையெல்லாம் தமிழில் சொன்னது நான். யாரைக் கண்டாலும் அம்மாவின் பின்னால் ஒளிகிற பிள்ளைக்கு வாய்த்த வேலை அது.

அப்பா வகுப்புக்குப் போய் லைசென்ஸ் எடுத்தார். பிறகு அந்தத் துவக்கை வாங்கி வந்தார். நடுவால் மடித்துத் திறந்து ஒரேயொரு தோட்டாவைப் போட்டு மூட வேண்டும். சுட்ட பிறகு மறுபடி திறக்க வேண்டும். இப்படிப்பட்ட சின்னப் பிராணிகளைத் தூரத்திலிருந்து சுடுவதற்கென்றே செய்தது என்று கடைக்காரர் சொன்னாராம். மேலே ஒரு தொலைநோக்கியும் பூட்டியிருந்தது.

முதல் ஞாயிறு மண் அணைக்கு முன்னால் ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டு, அப்பா பாயில் படுத்துச் சுட்டார். சுட்டு முடித்ததும் துவக்கை மடித்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று எனக்குக் காட்டுவார். அதற்குப் பிறகுதான் நான் ஓடிப்போய்க் காகிதத்தைக் கழற்றி வரலாம். கொண்டு வந்து பார்த்தால் ஓட்டைகள் சோற்றுக் கோப்பை அகலத்துக்குச் சிதறிக் கிடந்தன.

"உது சரிவராது," என்றார் அப்பா. "எங்கையாவது பட்டால் காயத்தோட வளைக்குள்ள போய்க் கிடந்து சாகும். ஒரே வெடியில போக வேணும். துவக்கைத் திருத்தாமல் சுடக் கூடாது."

அம்மாவுக்கும் அது நியாயமாகப் பட்டது. அன்று பெருச்சாளி பயற்றங்காய்க் கொடியின் அடியைக் கடித்துவிட்டுப் போயிருந்தது.

அந்தக் கோடை முழுக்க அப்பா துவக்கைத் திருத்தினார். சனிக்கிழமைகளில் பால்கனியில் கதிரை போட்டிருந்து, குழலுக்குள் துணித்துண்டு விட்டு, துணி வெள்ளையாக வரும்வரை இழுப்பார். தொலைநோக்கியின் ஆணிகளைக் கழற்றித் திருப்பி இறுக்குவார். துவக்கின் முன்பக்கம் ஆடாமலிருக்க அம்மா பழைய யன்னல் சீலையில் ஒரு பை தைத்து அரிசி நிரப்பிக் கொடுத்தார். தோட்டாவும் வேறு வேறு பெட்டிகளில் வாங்கிப் பார்த்தார். ஒவ்வொரு ஞாயிறும் ஓட்டைகள் கொஞ்சம் நெருங்கும், அடுத்த ஞாயிறு மறுபடி விலகும். இதற்கிடையில் பூசணிப் பிஞ்சுகள் போயின. பிறகு கத்தரியும் போகத் தொடங்கியது.

"துவக்குத் திருந்துறதுக்குள்ள தோட்டம் முடிஞ்சிடும்," என்றார் அம்மா.

கடைசியில் அப்பாவோடு வேலை செய்த ஒருவர் காரணத்தைக் கண்டுபிடித்துச் சொன்னார். குழலுக்குக் கீழே கையால் பிடிக்கும் மரத்துண்டு ஒரு ஆணியில் பூட்டியிருக்கிறது. அந்த மரம் குழலை அமத்துகிறது. சூடேறினால் இன்னும் அமத்தும், குண்டு விலகும். ஆணியடியில் ஒரு சின்ன ரப்பர் வளையம் வைத்து மரத்தைச் சற்று விலக்கினால் போதும்.

கடைக்குப் போகும்வரை அப்பாவுக்குப் பொறுமை இல்லை. சமையலறைப் பைப்பின் பிடியைக் கழற்றி, அதற்குள் இருந்த கறுப்பு வளையத்தை எடுத்தார். அம்மா டோர்ச் பிடித்தார். ஆணியை முழுதாகக் கழற்றி வெளியே எடுத்து, வளையத்தைக் கோர்த்து, திரும்ப இறுக்கியது நான். அன்றிலிருந்து பைப்பைத் திறந்தால் பிடியடியில் தண்ணீர் கசியும். அம்மா ஒரு துணியைச் சுற்றிக் கட்டினார். புதிது வாங்கிப் போடுவதாக அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார்.

அடுத்த ஞாயிறு நான் காகிதத்தைக் கழற்றியபோது ஒரு ஓட்டைதான் தெரிந்தது. கிட்டப் பார்த்தால் மூன்று, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இருந்தன. ஒரு டொலர்க் குற்றிக் காசை மேலே வைத்தேன், மூன்றும் மறைந்துவிட்டன. காகிதத்தைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு கத்தியபடி ஓடிவந்தேன். நான் அப்படிக் கத்தி அம்மா அதற்கு முன் கேட்டதில்லை.

அப்பா காகிதத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"அப்ப வாற ஞாயிறு அலுவலை முடிப்பம்," என்றார் அம்மா. "கிழவரையும் வரச் சொல்லுவம். அவரும் பாக்கட்டும்."

"ஓம்," என்றார் அப்பா.

அந்த ஞாயிறு மாமாவும் வந்தார். கிழவர் மடக்குக் கதிரை கொண்டுவந்து எங்கள் காருக்குப் பக்கத்தில் இருந்தார். காத்திருந்தோம். வெயில் ஏறியதும் பெருச்சாளி வளையை விட்டு வெளியே வந்து, பின்னங்கால்களில் எழுந்து நின்றது. முன்னங்கால்கள் இரண்டையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு எங்கள் பக்கம் பார்த்தது. அப்பா தொலைநோக்கிக்குள்ளால் பார்த்தபடியே கிடந்தார்.

"அத்தான், அது போட்டோவுக்கு நிக்குது. சுடுங்கோவன்," என்று மாமா குசுகுசுத்தார்.

வெடித்தது. பெருச்சாளிக்கு ஒரு முழம் தள்ளி மண் பறந்தது. அது வளைக்குள் போய்விட்டது.

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "தாங்கோ இஞ்சை. துவக்கில பிழையில்லை, ஆளிலதான் பிழை," என்று வாங்கி, அப்பா பக்கத்தில் இருக்கக் காகிதத்தில் சுட்டார். நான் போய் எடுத்து வந்தேன். மூலைக்கு ஒன்றாக ஓட்டைகள். மாமாவின் சிரிப்பு நின்றது. கிழவர் காகிதத்தை மூக்கருகே பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: உன் அப்பாவில் பிழையில்லை, நல்ல மனிதர், எவனோ ஒரு கடைக்காரன் கழிவுச் சாமானை அவர் தலையில் கட்டிவிட்டான். கோடையும் முடியப் போகிறது. அடுத்த வருடம் பக்கத்துப் பண்ணைப் பெடியன் நாய்களோடு வரட்டும், நிலம் அவனுக்கு.

நான் அதைத் தமிழில் சொன்னேன். அப்பா தலையாட்டினார். அம்மா எழுந்து போய் மிஞ்சியிருந்த மிளகாய்களைப் பிடுங்கத் தொடங்கினார். பழுக்காததையும் பிடுங்கினார்.

அன்று பின்னேரம் பால்கனியில் மிளகாயைக் காயப் போடும்போது, அப்பாவின் கதிரைக்குக் கீழே அந்தக் கறுப்பு வளையத்தைக் கண்டேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எல்லாம் விளங்கிவிட்டது. ஆணியை முழுதாகக் கழற்றாமல் அந்த வளையம் வெளியே வராது. அதைக் கோர்த்தவளே நான்தான். ஆனாலும் அந்த நேரம் அது எனக்கு நினைவுக்கு வரவில்லை.

அப்பாவும் அம்மாவும் சாப்பாட்டு மேசையில் இருந்தார்கள். ஓடிப்போய் நடுவில் வைத்தேன்.

"அப்பா, உது கழண்டு விழுந்து கிடந்தது! அதாலதான் படேல்லை. திருப்பிப் போட்டுக்கொண்டு போவம். கிழவருக்கு நான் சொல்லுறன்."

வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு அந்நியரோடு கதைக்க நானாகவே முன்வந்திருந்தேன். அப்பா கோப்பையைப் பார்த்தபடி சோற்றைப் பிசைந்தார். அம்மா வளையத்தை எடுத்து விரலில் மாட்டி ஒருதரம் சுற்றினார். பிறகு அப்பாவைப் பார்த்தார். கோபமாகப் பார்த்தார் என்று சொல்ல முடியாது.

"சாப்பிட்டிட்டு அந்தப் பைப்பிலை போட்டு விடுங்கோ," என்றார். "எத்தினை நாளைக்குத் துணி கட்டுறது."

அப்பா உடனே எழுந்து, கையைக் கழுவிவிட்டு, ஸ்பானரை எடுத்தார். சோறு பாதியில் கிடந்தது. அம்மா டோர்ச் பிடித்தார். இரண்டு பேரும் தோளோடு தோள் முட்ட பைப்புக்கு மேல் குனிந்து நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் கசிவு நின்றுவிட்டது.

நான் மேசையடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தோட்டத்தையே மீட்டுத் தரக்கூடிய ஒரு சாமானைக் கொண்டுவந்து கையில் கொடுத்தால், இந்த இரண்டு பேரும் அதைப் பைப்பில் போட்டு வீணாக்குகிறார்களே என்று எனக்கு அழுகையாக வந்தது.