பிளக்கைப் பிடுங்கும் துளசி

துளசிக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்று சுங்கை ஆயர் தாவார் ஊர்ப் பக்கத்தில் பாதிப் பேர் சொல்வார்கள். செம்பனைத் தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலை. குசினிக்குள் அடுப்படி வரை வந்த பாம்பை மண்வெட்டியால் ஒரே போடாகப் போட்டவள். மேனேஜர் குரலை உயர்த்தினால் அவள் அதற்கும் ஒரு படி மேலே உயர்த்துவாள். ஆனால் வானம் லேசாக உறுமினால் போதும், அத்தனை வீராப்பும் எங்கே போய் ஒளியுமோ! ஓடி ஓடி ஆபீசில் உள்ள பிளக்கையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு, காதைப் பொத்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடுவாள்.

சும்மா வந்த பயமில்லை அது. அவள் அப்பா இதே ஆபீசில்தான் பியூனாக இருந்தார். ஒரு மழை நாளில் மணி அடித்த போனை எடுத்துக் காதில் வைத்தார். கம்பி வழியாக இடி இறங்கியது. ரிசீவரைப் பிடித்தபடியே போய்ச் சேர்ந்தார் மனிதர். துளசி அப்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளை. அன்றிலிருந்து இடி நேரத்தில் அவள் போனைத் தொட்டதில்லை. கட்டிய புருஷனையும் போனைத் தொட விட்டதில்லை.

புருஷன் சன்னாசிக்குக் கடலோரத் தடுப்புக் கரையில் பம்ப் வீட்டு வேலை. கடல் ஏறும்போது தண்ணீர்க் கதவை இறக்க வேண்டும், வற்றும்போது தூக்க வேண்டும். அங்கே கைப்பேசியில் சிக்னல் ஒரு கோடுகூட நிற்காது. பழைய போன் கம்பியையோ எவனோ ஒரு புண்ணியவான் அறுத்துக்கொண்டு போய்விட்டான். அதனால்தான் கோலசிலாங்கூர் டவுனிலிருந்து டெக்னிஷன் குகன் வந்து, ஆபீசிலும் பம்ப் வீட்டிலும் வைஃபையில் ஓடுகிற மேசை போன்களை வைத்தான். பாஸ்வர்டைத் தட்டி, பச்சை விளக்கு எரிந்ததும் துளசியைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"அக்கா, இதுக்கு வெளியேருந்து போன் கம்பியே கெடையாது. இடி நேரத்துலயும் பேசலாம். ஆனா இந்த வைஃபை பெட்டிதான் மெயின். இத ஆஃப் பண்ணா இங்கயும் போன் செத்துரும், அங்க அண்ணன் போனும் செத்துரும். பிளக்குல மட்டும் கை வச்சிராதீங்க."

"தெரியும் லா," என்றாள் துளசி.

தெரிந்ததுதான். தலைக்குத் தெரிந்து என்ன பயன்? கைக்குத் தெரிய வேண்டாமா?

அடுத்த வாரமே வந்தது மழை. மேனேஜர் டவுனுக்குப் போயிருந்தார், ஆபீசில் அவள் தனியாள். முதல் இடிக்கே கை தன் வேலையைக் காட்டிவிட்டது. மூலையில் சுருண்டு கிடந்தவள் கண்ணைத் திறந்தபோது, மேசையில் போன் இருண்டு கிடந்தது. பம்ப் வீட்டுப் போனும் இப்படித்தானே கிடக்கும்! அவருக்கு அங்கே ஏதாவது ஒன்று என்றால் யாரைக் கூப்பிடுவார்?

பிளக்கை எடுத்தாள். கண்ணாடி அதிர இன்னொரு இடி. கீழே போட்டாள், மறுபடியும் எடுத்தாள். அப்பா பேரைச் சொல்லிச் செருகிவிட்டு எட்டிக் குதித்தாள். பெட்டி கண் சிமிட்டிச் சிமிட்டி உயிர் பெற்றது. போனில் பச்சை விளக்கு வர அது எடுத்துக்கொண்ட நேரத்தில் அவள் பாதி செத்துப் போனாள். ரூலரை நீட்டி ஸ்பீக்கரை அமுக்கி, ரூலராலேயே எண்களையும் அமுக்கினாள். மணி போனது. போய்க்கொண்டே இருந்தது. எடுக்க ஆளில்லை.

அந்தக் கரையில் இடியைத் தாங்க ஆள் உயரத்துக்கு ஒரு மரம்கூட இல்லை என்பது அப்போதுதான் அவள் நினைவுக்கு வரவேண்டுமா? "ஏங்க, எடுங்களேன்," என்று போனைப் பார்த்து அழுதாள்.

வெளியே மோட்டார் சைக்கிள் சத்தம். சொட்டச் சொட்ட நனைந்து வாசலில் நின்றான் சன்னாசி. முகத்தில் ரத்தமே இல்லை.

"நல்லாதானே இருக்கே?"

"இந்த இடியில யாரு உங்கள வரச் சொன்னா?"

"நீ பயந்துருவேன்னுதான் போன் அடிச்சேன். போகல. மறுபடி அடிச்சேன், போகல. உங்கப்பா மாதிரி உனக்கும்…"

எந்த இடிக்குப் பயந்து பிளக்கைப் பிடுங்கினாளோ, அந்த இடிக்கு நடுவே வெட்டவெளியில் புருஷனை ஓட வைத்ததும் அவளேதான்.

"தண்ணிக் கதவு தொறந்து கெடக்கு. கடல் ஏறுது. விட்டா லயத்து வீடுங்க வரைக்கும் தண்ணி வந்துரும்," என்று அவன் திரும்பினான். ஆபீஸ் வேன் சாவியை அவன் கையில் திணித்தாள். மோட்டாரில் போனால் தன்னை உயிரோடு பார்க்க முடியாது என்று சொல்லி அனுப்பினாள்.

வேன் போன பிறகு பெட்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். ஒவ்வொரு மின்னலுக்கும் கை பிளக்கை நோக்கிப் போனது. அந்தக் கையை இன்னொரு கையால் இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

போன் அடித்தது.

அப்பா நின்ற அதே மேசை. ரூலர் எட்டும் தூரத்தில்தான் கிடந்தது. துளசி ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தாள்.

"கதவ எறக்கிட்டேன். உள்ளதான் இருக்கேன்," என்றான் சன்னாசி. "இடி கிட்ட வருது. வச்சிரவா?"

ஜன்னல் வெள்ளையாகப் பளிச்சிட்டது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"வைக்காதீங்க," என்றாள். "பேசிக்கிட்டே இருங்க."