சீனாவில அக்கா, பார்க் எக்ஸ்டென்ஷனில பயம்

டிக்கெட் போட்டுக் குடுக்கிறவனுக்கு என்ன, கதிரையில இருந்து கொம்பியூட்டரைத் தட்டிற வேலைதானே எண்டு சனம் நினைக்குது. ஒராளைப் பிளேனில ஏத்திப்போட்டு, 'போய்ச் சேர்ந்திட்டன்' எண்ட செய்தி வருமட்டும் போனையே பாத்துக்கொண்டிருந்த உங்களுக்கு என்ர சீவியம் விளங்கும். பார்க் எக்ஸ்டென்ஷனில, பலசரக்குக் கடைக்கு மேல ஒரு சின்ன அறைதான் என்ர ஒஃபிஸ். பயம் மட்டும் உலகம் முழுக்க.

ஒரே ஒரு டிக்கெட்

செல்வராணி அக்காவுக்குக் கிட்டடியில உள்ள அஹுன்ட்சிக்கில, சின்னப் பிள்ளையளைப் பாக்கிற கார்தெரி ஒண்டில சமையல். அறுபது தாண்டிட்டுது. புருஷன் காலமாகி ரெண்டு வருசம். அங்க பிள்ளையள் துண்டு துண்டாப் பொருத்தி விளையாடிற படத்தில குயிலின் எண்ட ஊரின்ர மலையளைக் கண்டிருக்கிறா. தெற்குச் சீனாவில, ஆத்தங்கரையில, நிலத்தில இருந்து நேர மேல கிளம்பி நிக்கிற மலையள். "இது மெய்யா உள்ள இடமோ தம்பி?" எண்டு கேட்டா. ஓம் எண்டன். அதுதான் நான் விட்ட பிழை.

தனியப் போகப்போறாவாம். மகனுக்குக் குரூப்போட போறன் எண்டு சொல்லியாச்சாம், நானும் அப்பிடியே சொல்லவேணுமாம். "விசரே அக்கா உங்களுக்கு? உண்மையாவே ஒரு குரூப்போட போங்கோவன்" எண்டு கெஞ்சினன். அவ அசையேல்ல.

"குரூப்பில போனா மலையைப் பாக்க விடமாட்டினம் தம்பி, இரவைக்கு என்ன சாப்பாடு எண்டுதான் கதைச்சுக்கொண்டிருப்பினம்."

பாஸ்போட்

போய் இறங்கின அண்டு. இஞ்ச காலமை எட்டு மணி, அங்க இரவு எட்டு. பல்லுத் தீட்டிக்கொண்டு நிக்கிறன், அக்கா வீடியோவில வாறா. ஹொட்டேல் வாசல் சோபாவில சூட்கேசைக் கட்டிப்பிடிச்சபடி இருக்கிறா. பதிவுக்குப் பாஸ்போட்டைக் கேக்கினமாம், இவ குடுக்கமாட்டாவாம். அங்க அதுதான் சட்டம், ஒரு நிமிசத்தில திருப்பித் தருவினம் எண்டு தொண்டை கிழியச் சொன்னன். பாஸ்போட் சட்டைக்குள்ள, கை அதுக்கு மேல. இந்த வயசில ஆளை றோட்டில விடப்போகினமே எண்டு வாய் கொப்பிளிக்கவும் மறந்து நிண்டன்.

அங்க வேலைக்கு நிண்ட பெட்டை நல்ல பிள்ளை. கடைசியில படம் எடுக்கிற மெசினைத் தூக்கிக்கொண்டு சோபாவுக்கே வந்திட்டாள். அக்கா பாஸ்போட்டின்ர ஒரு மூலையை விடாமல் பிடிச்சிருக்க, அவள் படம் எடுத்தாள். "இவ்வளவுதானே, ஏனக்கா இந்த அமர்க்களம்?" எண்டு கோவிச்சுக்கொண்டன். இஞ்ச வந்த எங்கட ஆக்களில எத்தினை பேர் ஏஜென்சிக்காரனை நம்பி வெளிக்கிட்டு நடுவழியில நிண்டவை எண்டு அந்த நேரம் எனக்கு யோசினை ஓடேல்ல.

"முந்தி பாங்கொக்கில ஒரு ஏஜென்சிக்காரனும் இப்பிடிச் சிரிச்சுக்கொண்டுதான் பாஸ்போட்டை வாங்கினவன், பேந்து அவனைக் காணவேயில்லை."

செய்தி வராத காலமை

நாலாம் நாள் மலைச்சரிவில படிப்படியா வெட்டின வயலுகளைப் பாக்கப் போறன், பின்னேரம் ஆறுக்கு அறைக்கு வந்து செய்தி போடுவன் எண்டவா. எங்களுக்கு அது விடிய ஆறு. ஆறு போச்சு, எட்டுப் போச்சு. போன் எடுத்தா மணி அடிக்குதில்லை. ஹொட்டேலுக்கு அடிச்சன், ஆள் வரேல்லையாம். அங்க மழையாம், இருட்டியும் போச்சாம். எனக்குப் பயம், வேற சொல் இல்லை.

பத்து மணிக்கு அக்காவின்ர மகன் சுதன் படியேறி வாறான். "அங்கிள், அம்மாவின்ர குரூப் லீடர்ட நம்பர் இருக்கோ?" குரூப்பே இல்லை எண்டு சொன்னன். சொல்லேக்க அவன்ர முகத்தைப் பாக்க ஏலேல்ல. அடிச்சிருந்தாலும் வாங்கியிருப்பன். அவன் அப்பிடியே கதிரையில இருந்திட்டான்.

"அங்கிள், இஞ்ச மெட்ரோவில லைன் மாறவே அம்மாவுக்கு நான்தான் போன் எடுத்துச் சொல்லவேணும்."

தேயிலைப் பெட்டி

பதினொண்டரைக்கு எங்கட ரெண்டு போனும் ஒண்டாச் சத்தம் போட்டுது. ஒரு சோடி சப்பாத்து, முழுக்கச் சேறு, அந்தப் படம். கீழ, 'சார்ஜ் போச்சு. சாப்பிட்டிட்டன், படுக்கப் போறன்.' அவ்வளவுதான்! சுதன் கண்ணைத் துடைச்சுக்கொண்டு இறங்கிப் போனான்.

பத்து நாள் கழிச்சு அக்கா தேயிலைப் பெட்டியோட ஒஃபிசுக்கு வந்தா. எனக்கு வந்த கோவத்துக்கு நல்லா ஏசினன். 'அக்கா, செத்துப்போனியள் எண்டெல்லே நினைச்சன்' எண்டு கத்தினன். அக்கா எழும்பிப் போய்க் கதவைச் சாத்திப்போட்டு வந்து, குரலைத் தாழ்த்தினா.

"தொலைஞ்சுதான் போனனான் தம்பி, மூண்டு மணித்தியாலம், பேந்து ஆரோ ஒரு வீட்டில கூப்பிட்டுச் சோறு தந்தவை, நான் எங்க நிக்கிறன் எண்டு இந்த உலகத்தில ஒருத்தருக்கும் தெரியாது, எவ்வளவு நல்லா இருந்தது தெரியுமே, மகனுக்குச் சொல்லிப்போடாதையும்."

ஆக்களை அனுப்பிறது அஞ்சு நிமிச வேலை. அவை அங்க சந்தோசமாத் தொலைஞ்சு திரியுமட்டும் இஞ்ச இருந்து சாகாமல் இருக்கிறதுதான், கண்டியளோ, எங்கட தொழில்.