ஆய்வகத்துக்குப் போன சாமை உருண்டை

மரபணு மாற்றிய சாமையை நான் கண்டதில்லை. எங்கள் கொல்லிமலையில் யாரும் கண்டதில்லை. ஆனாலும் அது எங்கள் மூட்டையில் இல்லை என்று சான்று வாங்கச் சொன்னார்கள். ஊரில் இல்லாத பேயை ஓட்டிவிட்டதாகப் பூசாரியிடம் எழுதி வாங்குகிற மாதிரி.

கேட்டது, குழந்தைகளுக்கான கஞ்சி மாவை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கம்பெனி. எங்கள் மகளிர் குழுவின் அந்த வருடச் சாமை மொத்தத்தையும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் சோதனை முடிவு வராவிட்டால் வேறு இடத்தில் வாங்கிக்கொள்வார்கள். குழுவில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் ஆய்வகத்தின் படிவம் என் கைக்கு வந்தது. அந்தப் பெருமையில் கொஞ்சம் நிமிர்ந்துதான் நடந்தேன். "ஆய்வகத்துக்கு அரைக் கிலோ சாமை அனுப்பிருங்கக்கா" என்று எங்கள் தலைவியிடம் சொல்லிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போனேன்.

செவ்வாய்க்கிழமை ஆய்வகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள்.

"மேடம், நீங்க அனுப்பினது உருண்டையா வந்திருக்கு."

தலைவி சாமையை வறுத்து, அரைத்து, மலைத்தேன் ஊற்றிப் பிடித்து அனுப்பியிருந்தார். முன்பின் தெரியாதவர்களுக்கு வெறும் தானியத்தைக் கொடுத்தனுப்புவது அவருக்கு மரியாதைக் குறைவு. வறுத்தால் மரபணு சிதைந்துவிடும், பச்சைத் தானியம்தான் வேண்டும் என்றாள் அந்தப் பெண். சாமைக்கு எதற்குச் சோதனை என்று எரிந்து விழுந்தேன். மூட்டை கட்டிய பழைய சாக்கிலோ உமி நீக்கிய மில்லிலோ வெளியிலிருந்து வந்த மரபணு மாற்றிய மக்காச்சோளம், சோயா கலந்திருக்கலாம், சின்னக் குழந்தைகள் சாப்பிடுவதாயிற்றே என்று பொறுமையாகச் சொன்னாள். வெடுக்கென்று போனை வைத்தேன்.

அந்தக் கோபத்தையும் சேர்த்து, சாயங்காலக் கூட்டத்தில் தலைவி மேல் கொட்டினேன். "சோதிக்கக் கேட்டா பலகாரம் செஞ்சா அனுப்புவாங்க? ஒரு வருசப் பாடு போச்சுங்க."

அவர் குரலை உயர்த்தவில்லை. "எப்படி அனுப்போணும்னு அந்தக் காயிதத்துல போட்டிருக்குமில்ல கண்ணு. படிச்சுச் சொல்லு."

படிவத்தை எடுத்தேன். பின்பக்கத்தில் தடித்த எழுத்தில் இருந்தது: வறுக்காத, அரைக்காத தானியம், எல்லா மூட்டையிலிருந்தும் கொஞ்சம் எடுத்துக் கலந்தது. அந்தப் பக்கத்தை நான் திருப்பியே பார்த்திருக்கவில்லை. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. வெட்கத்தில் காது சுட, அத்தனை பேர் முன்னாலும் தமிழில் படித்துக் காட்டினேன்.

மறுநாள் மூட்டைக்கு ஒரு கைப்பிடி சாமை எடுத்துக் கலந்து, செம்மேட்டில் முதல் பஸ் ஏறினேன். தலைவி இன்னொரு பொட்டலமும் கொடுத்தார்.

"இது சோதிக்கிறதுக்கு இல்லீன்னு சொல்லிரு. அந்தப் புள்ள திங்கறதுக்கு."

ஆய்வகத்துக்குள் எதையும் தின்னக்கூடாதாம். அந்தப் பெண் வாசலுக்கு வந்து நின்று இரண்டு உருண்டை தின்றாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் முடிவு வந்தது. மரபணு மாற்றிய எதுவும் இல்லை. மூட்டைகள் லாரி ஏறின. என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆனால் அதிலிருந்து எந்தப் படிவம் வந்தாலும், தலைவி அதைப் பின்பக்கம் மேலே இருக்கும்படி திருப்பித்தான் என்னிடம் நீட்டுகிறார்.