விசிலக்கா காட்டிய குவியல்

அந்த ஆற்றோரப் பாதையில் சைக்கிள் விடுகிறவர்களுக்கெல்லாம் அவள் விசிலக்கா. நடப்பவர்களின் ஓரத்தில் யாராவது சக்கரத்தை ஏற்றினால் காது கிழிய ஊதுவாள்; ஊதிவிட்டு நாலு வார்த்தை கேட்காமல் விடவும் மாட்டாள். நகராட்சித் துப்புரவு வேலையில் அந்த ஆறு கிலோமீட்டரைக் கூட்டி, குப்பை பொறுக்கி, வழி மறிக்கும் கிளைகளை ஒதுக்கிப் பதினாலு வருஷம் ஓடியிருந்தது. கோபக்காரி என்று பெயர். அதை அவள் மறுத்ததும் இல்லை.

நகராட்சியில் திடீரென்று குடும்பங்களுக்கான இயற்கை உலா ஒன்று வைத்தார்கள். பிள்ளைகள் கையில் படம் போட்ட தாள். பார்த்ததை டிக் அடிக்க வேண்டும். எது எங்கே இருக்கிறதென்று ஆபீசில் ஒருத்தருக்கும் தெரியாது. மேற்பார்வையாளர் அவளைக் கூப்பிட்டு, அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்.

"மூணாவது வளைவுல புதருக்குள்ள குருவிக்கூடு இருக்கு சார். நாலு முட்டை. தள்ளி நின்னு பாக்கச் சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து பார்த்தால் மூன்றாவது வளைவு மொட்டையடித்தாற்போல் கிடந்தது. சிறப்பு விருந்தினர் வருகிறாராம். பாதை பளிச்சென்று இருக்க வேண்டுமாம். முந்தின நாள் சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போன பிறகு மெஷின் விட்டிருக்கிறார்கள். வெட்டின புதரெல்லாம் கழிப்பறைக்குப் பின்னால் குவிந்திருந்தது. அவள் மண்டியிட்டுக் கிளறினாள். நசுங்கிய கூடு கிடைத்தது. ஓடுகளின் மேல் எறும்பு.

மேற்பார்வையாளர் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். "ஸ்டோர்ல பழைய கூடு ஒண்ணு இருக்குல்லம்மா, அதை ஏதாவது கிளையில கட்டி விடுங்க. பிள்ளைங்களுக்கு என்ன தெரியப் போகுது?"

"கூடு இருக்குன்னு எழுதின கைதானே சார் வெட்டச் சொல்லியும் கையெழுத்துப் போட்டுச்சு?"

"மேலேர்ந்து சொன்னாங்க. நான் என்ன பண்றது?"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? அந்த ஒரு புதரை மட்டும் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நின்னிருப்பேனே!"

குடும்பங்கள் வந்துவிட்டன. அப்பாவின் தோளில் உட்கார்ந்திருந்த ஒரு குட்டிப்பெண் தாளை நீட்டி, "கூடு எங்க ஆன்ட்டி?" என்றாள். வேண்டாம், வேண்டாம் என்று மேற்பார்வையாளர் கண்ணாலேயே கெஞ்சினார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வா கண்ணு" என்று எல்லோரையும் குவியலுக்கே கூட்டிக்கொண்டு போனாள்.

குட்டிப்பெண் அழுதாள். அவளுடைய அம்மாவுக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "சின்னக் குழந்தைக்குப் போய் இதையா காட்டுவாங்க? அறிவில்லை?"

"நான் வெட்டலைங்க. வெட்டச் சொன்னவங்க மேடையில மாலை போட்டுக்கிட்டு இருக்காங்க. இந்தக் கேள்வியை அங்க போய்க் கேளுங்க."

அந்த அம்மாள் ஒரு நிமிஷம் முறைத்தாள். பிறகு கூட்டைக் கையில் ஏந்திக்கொண்டு நேரே மேடைக்கு நடந்தாள். பின்னாலேயே இருபது முப்பது பேர். சிறப்பு விருந்தினர் பேச்சைப் பாதியில் முழுங்கிவிட்டுக் காரைத் தேடினார்.

மறுநாளே விசிலக்காவை பஸ் நிலையத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

"வாயை மூடிக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்ல?" என்றான் வீட்டுக்காரன்.

"சும்மா இருக்கிறதுக்கு எனக்கு எதுக்கு வாய்?"

ஒரு மாதம் கழித்து உத்தரவு வந்தது: குஞ்சு பொரிக்கும் மாதங்களில் பாதையோரப் புதர்களை வெட்டக் கூடாது. மேற்பார்வையாளரின் அக்கறையால் இது சாத்தியமானது என்று அதிலேயே ஒரு வரி. மகள் படித்துக் காட்டியபோது அவள் கையிலிருந்த தட்டை டங்கென்று வைத்தாள்.

ஆனாலும் உத்தரவு உத்தரவுதானே. போனை எடுத்து அவரையே கூப்பிட்டாள்.

"சார், பாலத்துக்குக் கீழ மணல்ல ஆமை முட்டை வச்சிருக்கும் இப்ப. அங்கதான் சரளை கொட்டறாங்களாம்."

"சரிம்மா, பாக்கறேன்."

"பாக்கறேன்னு சொல்லாதீங்க சார். எந்திரிச்சுக் கிளம்புங்க!"