டெட் என்று சொல்ல மறுத்தவர்

திங்கட்கிழமை காலையில் மடிக்கணினியைத் திறந்தால் எங்கள் அலுவலகம் முதலில் ஒரு கேள்வி கேட்கும். இன்று எப்படி இருக்கிறீர்கள்? கீழே நான்கு முகங்கள். ஃபைன், டயர்ட், டிரெயின்ட், பர்ன்ட் அவுட். முதல் முகம் சிரிக்கும். கடைசி முகத்தின் தலையிலிருந்து புகை வரும். எல்லோரும் யோசிக்காமல் சிரிப்பைத் தட்டிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான். கொஞ்ச நாளாகச் சரியான தூக்கமில்லை, காப்பி டம்ளரை எங்கே வைத்தேன் என்பதே மறந்துவிடுகிறது. அதனாலோ என்னவோ, இந்த வாரம் விரல் திரைக்கு மேலேயே நின்றுவிட்டது. எங்கிருந்தோ மூக்கில் ஆசிட் வாசனை.

ஆசிட் என்றதும் பயந்துவிடாதீர்கள். பேட்டரி ஆசிட்தான். நான் முதலில் வேலை பார்த்தது அல்சூரில், இன்வெர்ட்டர் பேட்டரி விற்கிற ஒரு கம்பெனியில். கீழே கோடவுன். மாடியில் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நாங்கள் சில பெண்கள். அந்தப் புளிப்பு வாசனை படியேறி வந்து எங்கள் டிபன் பாக்ஸில்கூட உட்கார்ந்திருக்கும். வீட்டுக்குப் போனால் அம்மா என் துப்பட்டாவை மோந்து பார்த்துவிட்டு, இங்கிலீஷ் படித்தவள் போகிற ஆபீசில் இப்படியா நாறும் என்று கேட்பாள்.

பேட்டரி சரியில்லை என்று போன் வரும். அது எந்த அளவுக்குச் சரியில்லை என்று கேட்டு, திரையில் இருக்கும் நான்கு கட்டங்களில் ஒன்றை அழுத்த வேண்டும். வீக் என்றால் அந்த வாரத்துக்குள் ஆள் போவார். டிரெயின்ட், அதாவது சார்ஜ் வடிந்துபோனது என்றால் இரண்டு மூன்று நாளில். ஃபெயிலிங் என்றால் மறுநாள். டெட் என்றால் அன்றைக்கே. அந்த வார்த்தை கஸ்டமர் வாயிலிருந்துதான் வர வேண்டும் என்பது சட்டம். நான்கையும் படித்துக் காட்டலாம், இதைச் சொல்லுங்கள் என்று எடுத்துக் கொடுக்கக் கூடாது. எல்லாப் பேச்சும் பதிவாகும். பழகியவர்களுக்கு இந்த சூட்சுமம் தெரியும். பிரேசர் டவுன் பேக்கரிக்காரர் ஒருவர் நான் ஹலோ சொல்லி முடிப்பதற்குள் "டெட்" என்பார். அவர் பேட்டரி மாதம் ஒருமுறை செத்துப் பிழைக்கும்.

இந்த வார்த்தைகள் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா சிமெண்ட் மூட்டை இறக்கிவிட்டு வந்தால், கட்டையைக் கொஞ்சம் சாய்க்கணும் என்பார். அம்மா, கை கால் விட்டுப்போச்சு என்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அதற்கெல்லாம் இங்கிலீஷ் சொல்வேன். வீக், டயர்ட், எக்ஸாஸ்டட். ஃபெடீக் என்கிற வார்த்தையை எழுத்துக்கூட்டி 'ஃபாட்டிக்யூ' என்று ஒரு வருஷம் முழுக்க சொல்லிக்கொண்டு திரிந்தேன். வீட்டில் திருத்த யாருமில்லை. அப்பா அதைத் தன் கூட்டாளிகளிடம் பெருமையாகச் சொன்னார். இன்னைக்கு ஒரே ஃபாட்டிக்யூப்பா.

அந்த அழைப்பு வந்தபோது என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. கஸ்டமருக்கு வார்த்தையை எடுத்துக் கொடுத்தாள் என்று போன வாரம்தான் பக்கத்து நாற்காலிப் பெண்ணை அனுப்பியிருந்தார்கள். அந்த நாற்காலி காலியாகவே இருந்தது. மத்தியானம் தாண்டியிருக்கும். ஜன்னலுக்கு வெளியே ஏரிப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. இந்த ஊரில் மழைக்கு முன் காற்று வரும், காற்றுக்கு முன்பே கரண்ட் போகும்.

பேசியவர் லிங்கராஜபுரத்துக்காரர், வயதான குரல். பேட்டரி வீக்காக இருக்கிறது என்றார். பின்னால் புஸ், புஸ் என்று ஒரு சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. என்ன சார் அது என்று கேட்டேன். மனைவிக்கு வைத்திருக்கும் ஆக்சிஜன் மெஷின் என்றார். கரண்ட் போனால் இந்த பேட்டரியில்தான் அது ஓட வேண்டும். காலையில் போனபோது கால்மணி நேரம்தான் தாங்கியது. சிலிண்டரை நிரப்பக் கொடுத்திருக்கிறது, நாளைக்குத்தான் வரும்.

"சார், வீக், டிரெயின்ட், ஃபெயிலிங், டெட். இதுல எதுன்னு போடட்டும்?"

"வீக்தாம்மா."

இன்னொரு தடவை படிக்கிறேன் என்று சொல்லி, ஒவ்வொன்றாக, நிதானமாகப் படித்தேன். கடைசி வார்த்தைக்குப் பின் வேண்டுமென்றே நிறுத்தினேன். வீக் என்றால் எப்போது ஆள் வருவார், டெட் என்றால் எப்போது என்றும் சொன்னேன். அதைச் சொல்லச் சட்டத்தில் இடமிருந்தது. அதற்கு மேல் ஒரு சொல் பேசினால் எனக்கும் காலி நாற்காலிதான்.

"புரியுதும்மா. ஆனா ஓடிட்டிருக்கிற பொருளை டெட்னு எப்படிச் சொல்றது? கவர்மெண்ட்ல ரெக்கார்டு செக்‌ஷன்ல இருந்தவன் நான். இல்லாததை ஒரு நாளும் எழுதினதில்ல."

ஜன்னல் கதவு காற்றில் அடித்துக்கொண்டது. இத்தனை வார்த்தை தெரிந்தவள், ஒரு வார்த்தையைச் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தேன். திடீரென்று யாரோ போனைப் பிடுங்குகிற மாதிரி உரசும் சத்தம். புஸ், புஸ் சத்தம் கிட்டத்தில் வந்தது.

"பாப்பா." ஒரு மூச்சு. "அவருக்கு உண்மை பேசணும். எனக்கு மூச்சு விடணும்." இன்னொரு மூச்சு. "டெட்டு. போட்டுக்கோ."

"ஸ்டெல்லா, பொய் அது," என்று பின்னாலிருந்து அவர் குரல்.

"ஞாயித்துக்கெழம ஃபாதர்கிட்ட நான் சொல்லிக்கிறேன். நீங்க சும்மா இருங்க."

கட்டத்தை அழுத்தினேன். மெக்கானிக் அண்ணன் அப்போது பிரேசர் டவுனில்தான் இருந்தார். அதிக தூரமில்லை. ஆனால் மழை பிடித்துக்கொண்டது. லிங்கராஜபுரத்திலிருந்து அடுத்தடுத்து அழைப்புகள் வர ஆரம்பித்தன. கரண்ட் போய்விட்டது. வரும் அழைப்பை எடுக்க மட்டும்தான் எங்களுக்கு அனுமதி, நாங்களாகக் கூப்பிட முடியாது. மற்றவர்களின் பேட்டரியைக் கேட்டு எழுதிக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தேன். கால்மணி நேரம் தாண்டியது.

அதற்கும் பிறகுதான் மெக்கானிக் கூப்பிட்டார். எரிச்சலில் இருந்தார்.

"டெட்னு யாரும்மா போட்டது? மெஷின் ஓடிட்டுதானே இருக்கு இங்க."

"கரண்ட் இருக்காண்ணா அங்க?"

"இல்ல." அவருக்குப் பின்னால் புஸ் சத்தம் கேட்டது. முன்னைவிட மெதுவாக. "சரி, புதுசு மாத்திட்டு வரேன். மேடம்கிட்ட நீயே பேசிக்கோ."

மறுநாள் எங்கள் சூப்பர்வைசர் மேடம் கூப்பிட்டார். கன்னடக்காரர், எங்களிடம் தமிழில்தான் அதட்டுவார். பதிவை ஓடவிட்டார். வார்த்தையை நான் எடுத்துக் கொடுக்கவில்லை, அது சரி. ஆனால் இணைப்பு கணவர் பெயரில் இருந்தது.

"டெட் சொன்னது யாரு?"

"அவர் மிஸஸ், மேடம்."

"கஸ்டமர் யாரு?"

"அந்த பேட்டரில மூச்சு விடறவங்கதான் மேடம்."

எப்படி அந்த தைரியம் வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. மேடம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு திரும்பக் கேட்டார். ஃபாதர் பேச்சு வருகிற இடத்தில் சிரிப்பு வந்து வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு கையை வெளியே காட்டி, "ஹோகு, போ" என்றார். மாதக் கடைசியில் வேலை நிரந்தரமானது. அப்பா சிமெண்ட் கையோடு எல்லோருக்கும் மைசூர்பாக் கொடுத்தார்.

இப்போது அந்த மாடி இல்லை. அந்த இடத்தில் பல் டாக்டர் இருக்கிறார். கம்பெனி போனை எடுத்துவிட்டு ஆப் வைத்துவிட்டது. அதில் பேட்டரிப் படங்கள் நான்கு. எதை வேண்டுமானாலும் தட்டலாம், எதனால் என்று யாரும் கேட்பதில்லை. பின்னணியில் எந்த மெஷினும் மூச்சு விடுவதில்லை.

திங்கட்கிழமை நான் கடைசி முகத்தை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு மட்டும் எனக்கு எத்தனை இங்கிலீஷ் வார்த்தைகள் தெரியும். ஆனாலும் ஓடிக்கொண்டுதானே இருக்கிறேன், ஓடுகிற பொருளை எப்படி அப்படிச் சொல்வது என்று ரெக்கார்டு செக்‌ஷன்காரர் மாதிரியே யோசித்து, சிரிக்கிற முகத்தைத் தட்டினேன். ஸ்டெல்லா போனைப் பிடுங்கிய மாதிரி, பக்கத்திலிருந்து கையை நீட்ட யாருமில்லை.